பதினொரு கால் ரயில்

யாரைப் பார்த்தாலும் அப்பல்சாமி முதலில் காலைத்தான் பார்ப்பார். முகமெல்லாம் அப்புறம். பிஜித் தீவில் லவுத்தோக்கா பஸ் நிலையத்தில் நிற்கும்போது அவர் கண் தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டே போகும். எந்தக் கால் முதலில் எழுகிறது, எடுத்து வைக்கும் எட்டு எவ்வளவு நீளம், குதிகால் அழுந்துகிறதா, விரல் நுனியில் போகிறதா. ஒரு நடை பிடித்துப்போய்விட்டால் அதே நடை உள்ள இன்னொரு ஆளைக் கூட்டத்தில் தேடுவார். கிடைத்துவிட்டால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒருதரம் அழுத்துவார், முடிச்சை இறுக்குவதுபோல. தாலோ கிழங்கு விற்கும் பருத்த அம்மாவும் கிளார்க் உத்தியோகம் பார்க்கும் ஒல்லி மனிதரும் அப்படித்தான் ஒரு நாள் அவருக்குள் ஜோடி சேர்ந்தார்கள். கணுக்காலைச் சேர்த்துக் கட்டிவிட்டால் இரண்டு பேரும் நூறு கஜம் விழாமல் ஓடுவார்கள் என்று வீட்டுக்கு வந்து மனைவி சரளாவிடம் சொன்னார்.

"கல்யாணத் தரகர்கூட முகத்தைப் பார்த்துதான் ஜோடி சேர்ப்பார். நீங்க காலைப் பார்த்துச் சேர்க்கறீங்க" என்றாள் சரளா.

"முகத்தை மாத்திக்கலாம் சரளா. நடையை மாத்த முடியுமா?"

பிழைப்பும் அதுதான். கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடையில் இருபத்தாறு வருஷமாக விற்பனையாளர். முக்காலியில் உட்கார்ந்து, எதிரே இருப்பவரின் பாதத்தைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து, அளவுப் பலகை இல்லாமலே எண்ணைச் சொல்லிவிடுவார். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு முதல் பள்ளிக்கூடச் சாண்டலை மாட்டிவிட்டவர் அவர். அதனால் பிள்ளைகள் எவ்வளவு உயரம் வளர்ந்தாலும் அவருக்கு அவர்கள் எண்களாகத்தான் நினைவிருந்தார்கள். அவினேஷ் என்றால் ஒன்பது, அகலப் பாதம். காஜல் ஐந்தரை. ரித்திகா ஆறு, இடது கால் ஒரு நூல் பெரிது.

சனிக்கிழமை விளையாட்டு ஆரம்பித்தது இரண்டாயிரத்தில். மே மாதம் சுவாவில் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்து, இந்தியர் ஒருவர் பிரதமராக இருந்த அரசாங்கத்தையே பிடித்து வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பெரியவர்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பதினாலு, பதினைந்து வயசுப் பிள்ளைகளுக்கு ரேடியோவும் பிடிக்கவில்லை, பெரியவர்களின் முகமும் பிடிக்கவில்லை. வேலிக்குள்ளேயே நடந்து நடந்து தேய்ந்தார்கள். மூன்றாவது வாரம் அப்பல்சாமி கோயில் தர்மகர்த்தாவிடம் போய்ப் பின்பக்க மைதானத்தைக் கேட்டார்.

"கிரிக்கெட்டா?"

"இல்லை. கிரிக்கெட்டுல ஒருத்தன் அடிப்பான், பத்துப் பேர் நின்னுக்கிட்டு இருப்பாங்க. எல்லாரும் சேர்ந்து விழற மாதிரி ஒண்ணு."

அந்த யோசனை அவருக்கு வந்ததற்கு ஒரு கதை உண்டு. கடை முதலாளி சில வருஷங்களுக்கு முன்னால் ஊழியர்கள் எல்லாரையும் கடலோர ஓட்டல் ஒன்றில் ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பெண் அவர்களை வட்டமாக நிற்க வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாயச் சொன்னாள். அப்பல்சாமி சாய்ந்தார். பணப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து இருபது வருஷமாக அவரோடு முறைத்துக்கொண்டிருந்த ஆள் இரண்டு கையையும் நீட்டிப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல், "விழுந்தேன் சரளா, பிடிச்சுட்டாங்க" என்று நாலு தரம் சொன்னார்.

மைதானத்தில் முதல் வாரம் ஒன்பது பேர் வந்தார்கள். அடுத்த வாரம் பதினாலு. கைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துக்கொண்டு விடாமலேயே சிக்கலை அவிழ்ப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டவனைக் குரலாலேயே கயிறுகளுக்கு நடுவில் நடத்திக்கொண்டு போவது, நாலு மாவுச் சாக்கை வைத்துக்கொண்டு தரையில் கால் படாமல் ஒரு கூட்டமே மைதானத்தைக் கடப்பது. பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது பிஜி இந்திதான். தமிழ் அவர்களுக்குக் கற்பூரம் காட்டும் நேரத்துக்கு மட்டும் உரியது. ஆனால் அப்பல்சாமி கத்துகிற "நில்லு", "குனி", "விடாதே" மூன்றும் சீக்கிரமே எல்லார் வாயிலும் ஏறிவிட்டன. வீட்டில் தம்பியை அடக்கவும் அதையே பயன்படுத்துகிறார்கள் என்று தாய்மார்கள் கடைக்கு வந்து சொன்னார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய விளையாட்டு ரயில். பத்துப் பேர் பக்கவாட்டில் வரிசையாக நிற்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கணுக்கால்களைத் துணியால் கட்டிவிடுவார்கள். பத்துப் பேருக்குப் பதினொரு கால். நடுவில் நிற்கிறவள் "ஏக்... துய்..." என்று ஒன்று, இரண்டு எண்ணிக் குரல் கொடுக்க, அந்தப் பதினொரு காலும் மைதானத்தைக் கடக்க வேண்டும். கரும்பு ரயில் தெருவைக் கடக்கும் வேகம்தான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்க்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். அடுத்த ஈஸ்டருக்கு, விமான நிலையம் இருக்கும் நாந்தியில் நடக்கும் தென்னிந்தியர் சங்கக் கூட்டத்தில் இதைப் போட்டியாகவே வைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது அப்பல்சாமி வீட்டில் இரண்டு படுக்கை விரிப்பு நாடா நாடாவாகக் கிழிந்தது.

"இனிமே எதை விரிச்சுப் படுக்கறது?" என்றாள் சரளா.

"ஈஸ்டர் வரைக்கும் பாய் போதும்."

நடுவில் நின்று குரல் கொடுத்தவள் ரித்திகா. மரவாடியில் வேலை பார்க்கும் பிஜேந்திராவின் மகள். ஒல்லி, பதினைந்து வயசு. குரல் மட்டும் மார்க்கெட்டில் கடை போட்ட மாதிரி. அவள் குரல் கொடுத்தால் இரண்டு பக்கத்துக் கடைசி ஆளுக்கும் ஒரே அளவில் கேட்கும். யாராவது தடுமாறினால் எண்ணுவதை நிறுத்த மாட்டாள். "ஏக்... அரே அவினேஷ், அது உன் கால் இல்ல, காஜல் கால்... துய்..." என்று எண்ணுக்கு நடுவிலேயே திட்டி முடித்துவிடுவாள்.

அப்போது இந்தியக் குடும்பங்கள் நாட்டைவிட்டுக் கிளம்ப ஆரம்பித்திருந்தன. ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர். யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொன்னால் வேலை இடத்தில் மதிப்புப் போய்விடும், கண் பட்டு விசா நின்றுவிடும் என்று பயம். வியாழக்கிழமை வரை பக்கத்து வீட்டில் துணி காயும், வெள்ளிக்கிழமை கொடி மட்டும் இருக்கும். கிருஷ்னீல் என்ற பையன் அப்படித்தான் போனான். ரயிலில் நாலாவது ஆள். அந்தச் சனிக்கிழமை அவன் வரவில்லை. விமானம் ஏறிவிட்டான் என்று தெரிந்தது. அவனுக்கு இருபுறமும் நின்ற இருவரையும் சேர்த்துக் கட்டிப் பார்த்தார் அப்பல்சாமி. இரண்டு பேரின் நடையும் ஒத்துவரவில்லை. விழுந்தார்கள். எழுந்து மறுபடி கட்டினார், மறுபடி விழுந்தார்கள். ஒருத்தி தரையிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு ரயில் ஓடவில்லை. மறுபடி ஓட ஆறு வாரம் பிடித்தது.

அதற்கப்புறம்தான் அவர் தனக்குள் ஒரு முறை வகுத்துக்கொண்டார். ஊரில் யார் கிளம்பப்போகிறார்கள் என்று விசா அலுவலகத்துக்கு அடுத்தபடி தெரிந்த ஆள் அவர்தான். பிறந்ததிலிருந்து ரப்பர் செருப்பும் சாண்டலும் தவிர வேறெதுவும் கால் பார்க்காத பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு தாய் கடைக்கு வந்து, லேஸ் வைத்த மூடின ஷூவும் கனமான சாக்ஸும் கேட்டால், அந்தக் குடும்பம் குளிர் தேசத்துக்குப் போகிறது. லவுத்தோக்கா வெயிலில் கம்பளிச் சாக்ஸ் வேறெதற்கு? அப்பல்சாமி ஒன்றும் கேட்க மாட்டார். யாரிடமும் சொல்லவும் மாட்டார். அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளையை வரிசையின் நடுவிலிருந்து எடுத்துக் கடைசி ஆளாக நிறுத்துவார், அவ்வளவுதான். கடைசி ஆள் போனால் நடுவில் ஓட்டை விழாது. புதிதாக ஒருவரை ஓரத்தில் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்.

ஷீனல் என்ற பெண்ணைக் கடைசிக்கு மாற்றினார். மூன்றாம் வாரம் அவள் சிட்னியில் இருந்தாள். இன்னொரு பையனை மாற்றினார். வான்கூவர். பிள்ளைகள் என்ன முட்டாள்களா?

"மாமா கையிலதான் விசா முத்திரை இருக்கு" என்றான் அவினேஷ். "மாமா, மாமா, என்னையும் கடைசில போடுங்க. ஆக்லாந்து வேணாம், நியூயார்க் பக்கமா பார்த்துப் போடுங்க."

"உன் பாதத்துக்கு அங்க ஷூ இல்லடா" என்றார் அப்பல்சாமி. எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அன்று முதல், வரிசை நிற்கும்போது ஒவ்வொருவரும் அவர் கை எந்தப் பக்கம் நீளுகிறது என்று பார்த்தார்கள்.

பிப்ரவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது, ரித்திகாவின் அம்மா ப்ரேமிலா வந்தாள். "அண்ணே, ஆறாம் நம்பர்ல லேஸ் வச்ச ஷூ, தோல்ல. ரெண்டு ஜோடி கனமான சாக்ஸ்" என்றாள். மற்றவர்கள் கடை சாத்தும் நேரத்தில் வந்து கிசுகிசுப்பாகக் கேட்பார்கள். பெட்டியைச் செய்தித்தாளில் சுற்றித் தரச் சொல்வார்கள். ப்ரேமிலா சாதாரணக் குரலில் கேட்டு, பெட்டியை அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவோடு போனாள். தைரியசாலி என்று நினைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் மைதானத்தில் அவர் கை கொஞ்சம் தயங்கியது. ஈஸ்டருக்கு ஏழு வாரம். நடுவில் நிற்கும் குரலே போய்விட்டால்? போகப்போகிறது என்றால் இப்போதே மாற்றினால்தான் வேறு குரல் பழகும். ரித்திகாவின் தோளைத் தொட்டு, "நீ கொஞ்சம் அந்த ஓரத்துக்கு வாம்மா. அவினேஷ், நீ நடுவுல நின்னு எண்ணு" என்றார்.

வரிசையில் எல்லாரும் ரித்திகாவைத் திரும்பிப் பார்த்தார்கள். காஜல் மட்டும் குனிந்து, கட்டின துணியை அவிழ்க்க முடியாமல் அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நான் எங்கேயும் போகலியே" என்றாள் ரித்திகா.

"சும்மா ஒரு மாத்தம்தான்."

"நிஜமாவே போகல மாமா. வீட்டுல ஒண்ணும் சொல்லல."

பிள்ளைகளுக்கே கடைசி வாரம்தான் சொல்கிற வீடுகளை அவர் நிறையப் பார்த்திருந்தார். துணியைக் கட்டினார். கட்டி முடித்து நிமிர்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு அம்மாவும் அப்பாவும் தக்க நேரம் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயத்தை ஒரு செருப்புக் கடைக்காரன் மைதானத்தில் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை ரித்திகா தானாகவே போய்க் கடைசியில் நின்றாள். வீட்டில் கேட்டிருப்பாள், சொல்லியிருப்பார்கள் என்று எல்லாருக்கும் புரிந்தது. பிள்ளைகள் ஒரு நோட்டை வாங்கி ஆளுக்கொரு பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். காஜல் தன் கையிலிருந்த கண்ணாடி வளையல்களைக் கழற்றி ரித்திகாவுக்குப் போட்டாள். இரண்டு பேரும் கோயில் குழாயடியில் வெகுநேரம் நின்றார்கள். அவினேஷ் நடுவில் நின்று எண்ணினான். அவனுக்கு எண்ணத் தெரியும், திட்டத் தெரியாது. யாராவது தடுமாறினால் எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சிரிப்பான். ரயில் பத்து எட்டு எடுத்து வைக்கும், கவிழும். பதினைந்து எட்டு போகும், கவிழும். இப்படியே மூன்று வாரம் போனது.

"ஒரு பொண்ணை இடம் மாத்தினதுக்கு நீங்க ஏன் சோறு தின்ன மாட்டேங்கறீங்க?" என்றாள் சரளா.

"இடத்தை மட்டுமா மாத்தினேன்? அவ வீட்டு ரகசியத்தைப் போட்டு உடைச்சுட்டேனே."

"அப்ப போய்ச் சொல்லுங்க. உங்க தப்புன்னு சொல்லுங்க. தின்னுட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பிஜேந்திரா வீட்டுக்குப் போனார். அந்தத் தெருவில் ஏழு வீடு. நாலு வீட்டில் ஜன்னல் சாத்தியிருந்தது. அதில் இரண்டில் விற்பனைக்கு என்று பலகை. பிஜேந்திரா வெளியே போயிருந்தார். ப்ரேமிலா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"தங்கச்சி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். நீங்க ஷூ வாங்கினதைப் பார்த்து நானே ஒரு முடிவுக்கு வந்து, பொண்ணை எல்லார் முன்னாடியும் தனியா நிறுத்திட்டேன். நீங்க சொல்றதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரியும்படி ஆயிடுச்சு."

ப்ரேமிலா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "பரவாயில்லை அண்ணே. விசா பேப்பர் சுவாவுல இருக்கு. எப்ப வரும்னு தெரியல. வெளியே யார்கிட்டயும்..."

"நான் சொல்வேனா?"

ரித்திகா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். கையில் காஜலின் வளையல்கள். "சர்க்கரை போதுமா மாமா?"

"போதும்மா. உட்கார். அடுத்த வாரத்திலேருந்து நீ நடுவுல நில்லு."

அவள் அம்மாவைப் பார்த்தாள். "வேணாம் மாமா. போறவங்க எல்லாரும் கடைசிலதானே நின்னாங்க. எனக்கு மட்டும் என்ன?"

"அந்தக் கணக்கே தப்பு" என்றார் அப்பல்சாமி. வீட்டிலிருந்து வரும்போது இதை அவர் யோசித்திருக்கவில்லை. சொல்லும்போதுதான் அவருக்கே தெரிந்தது. "போற பிள்ளைங்க எல்லாரையும் போறதுக்கு முன்னாடியே நான் ஓரத்துல தள்ளிட்டேன். ஓட்டை விழக் கூடாதுன்னு பார்த்தேன். விழுந்தா விழட்டும். அப்புறம் பார்த்துக்கலாம். நீ ஏர்போர்ட்டுக்குக் கார் ஏறற நாள் வரைக்கும் நடுவுலதான் நிக்கணும்."

ரித்திகா மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள்.

"மாமா சொல்றாரு இல்ல?" என்றாள் ப்ரேமிலா, அவளைப் பார்க்காமல்.

ஈஸ்டர் சனிக்கிழமை நாந்தி மைதானத்தில் எட்டு ஊர்க் குழுக்கள். லவுத்தோக்கா பிள்ளைகளின் முறை ஐந்தாவது. ரித்திகா நடுவில். துணி முடிச்சுகளை அப்பல்சாமியே கட்டினார். ஒவ்வொரு கணுக்காலையும் தட்டிக்கொடுத்துவிட்டுக் கோட்டுக்கு வெளியே போய் நின்றார். ரயில் கிளம்பியது. "ஏக்... துய்... ஏக்..." பாதி மைதானம் வரை ஒரே உடம்பாகப் போனார்கள். அப்போது தலைக்குமேல் விமானம் ஒன்று தாழ்வாக ஏறியது. அந்த வருஷம் பிஜியில் விமானச் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்க்காத பிள்ளை கிடையாது. பத்துப் பேரும் பார்த்தார்கள். பதினொரு காலும் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, வலப்பக்கம் தொடங்கிக் கடைசிவரை மாலை அறுந்த மாதிரி சரிந்தது வரிசை.

மைதானமே சிரித்தது. குவியலுக்குள்ளிருந்து ரித்திகாவின் குரல் வந்தது. "அரே, என்ன பார்க்கறீங்க? உங்க பேரா எழுதியிருக்கு அதுல? எழுந்திரு! அவினேஷ், என் முடிமேல உட்கார்ந்திருக்கே! காஜல், கையைக் குடு. கீழே பாருங்க எல்லாரும், கீழே! ஏக்..."

எழுந்தார்கள். கட்டு ஒன்றுகூட அவிழவில்லை. மீதிப் பாதியை அவள் குரலைப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். ஆறாவது இடம். அப்பல்சாமி கோட்டைத் தாண்டி உள்ளே ஓடி, யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் பத்துப் பேரையும் கட்டிக்கொள்ளப் பார்த்தார், கை எட்டவில்லை. சரளா தூரத்திலிருந்து, "ஆறாவதுக்கு இந்த ஆட்டமா?" என்று கத்தினாள்.

ரித்திகா போகவில்லை. மே மாதம் ப்ரேமிலா கடைக்கு வந்து, பேப்பர் திரும்பி வந்துவிட்டது என்று சொன்னாள். அப்படித் திரும்பி வருவது அப்போது சகஜம். யாரும் குடைந்து கேட்கவில்லை. சனிக்கிழமை பிள்ளைகள் அவளைத் தூக்கிச் சுற்றினார்கள். அப்புறம் அவினேஷ் போனான், நடுவிலிருந்தே. காஜலும் போனாள். ஓட்டைகள் விழுந்தன, அழுதார்கள், மறுபடி கட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் நாலைந்து வாரம் பிடித்தது. அப்பல்சாமி யாரையும் ஓரத்துக்கு மாற்றவில்லை.

நாலு வருஷம் கழித்து, ரித்திகா நர்ஸ் படிப்பில் சேர்ந்த வாரம், ப்ரேமிலா கடை பெஞ்சில் உட்கார்ந்து அப்பல்சாமியிடம் உண்மையைச் சொன்னாள். அவர்கள் எந்த நாட்டுக்கும் மனுப் போடவே இல்லை. கூப்பிட வெளிநாட்டில் ஒருத்தரும் இல்லை. தெருவில் தினமும் யாராவது, "உங்களுக்கு எப்போ?" என்று கேட்டதைத் தாங்காமல்தான் அன்றைக்கு எல்லாரும் பார்க்கும்படி கூட்டத்தில் வந்து ஷூ வாங்கினாள். ரித்திகா மைதானத்திலிருந்து வந்த அன்று சாயங்காலமே அம்மாவிடம் கேட்டு முழுதும் தெரிந்துகொண்டாள். மறுநாளே அண்ணனிடம் போய் இதைச் சொல்லிவிடுகிறேன் என்று ப்ரேமிலா கிளம்பினாளாம். ரித்திகாதான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள்.

"சொல்லாதம்மா. மாமா தப்பாக் கணக்குப் போட்டுட்டார்னு பசங்க சிரிப்பாங்க. அவர் தாங்க மாட்டார்."